பொயிலர் அறையிலை கேட்ட ஒற்றைத் தட்டு

முதலே சொல்லிப்போடுறன், எனக்கு இந்தப் பேய், ஆவி, கண்ணூறு ஒண்டிலையும் நம்பிக்கை இல்லை. இருவது வருசமாய்ப் பரிசிலை என்ரை சீவியம் நிலத்துக்குக் கீழைதான். நூறு வருசம் பழசான வீடுகளின்ரை காவ் இருக்கெல்லே, நிலவறை, அதுக்குள்ளை தனிய டோர்ச் லைற்றோடை நிண்டு, வீட்டைச் சூடாக்கிற பொயிலர் திருத்திறதும் மாத்திறதும்தான் என்ரை தொழில். பேய் எண்டு ஒண்டு இருந்திருந்தால் இவ்வளவு காலத்திலை ஒருக்கால் எண்டாலும் வந்து, என்ன குணா சாப்பிட்டியோ எண்டு கேட்டிருக்கும். நான் கண்டது முழுக்க எலியும் வெறும் வைன் போத்திலும்தான். இந்தக் கடையிலையே ஆரும் ஆவிக்கதை துவங்கினால் வடையைக் கையிலை எடுத்துக்கொண்டு எழும்பிப் போற ஆள் நான், வேணுமெண்டால் முதலாளியைக் கேட்டுப்பாருங்கோ.

நீங்கள் கம்பியூட்டர் படிச்ச ஆள், சிரிப்பு வரும். வந்தால் சிரியுங்கோ, நான் கோவிக்கமாட்டன், ஆனால் கதை முடிஞ்சாப்பிறகு சிரியுங்கோ.

அன்ரன் அண்ணை எண்டு ஒருத்தர். மன்னார் ஆள், என்னைவிட ஆறு வயசு மூப்பு. பதினாலு வருசம் நாங்கள் ரண்டுபேரும் ஒரே வானிலை ஓடித் திரிஞ்சனாங்கள். எந்தப் பொயிலரையும் பத்த வைக்க முதல் அதுக்கு முன்னாலை நிண்டு சிலுவை போடுவார். நான் விடமாட்டன், "அண்ணை, முதல் காஸ் வருதோ எண்டு பாருங்கோ, கர்த்தர் ஆறுதலாய் வரட்டும்" எண்டு பகிடி பண்ணுவன். அவர் சிரிச்சுப்போட்டு இன்னொருக்கால் போடுவார், "இது உனக்கு" எண்டு சொல்லி.

எங்கட வேலையிலை ஒரு பழக்கம் இருக்கு, அது தெரியாட்டி உங்களுக்கு மிச்சம் விளங்காது. அறைக்குச் சூடு குடுக்கிற றேடியேற்றர் வேலைக்கு ஒராள் கீழை பொயிலரோடை நிக்கவேணும், மற்ற ஆள் மேல்மாடியிலை நிக்கவேணும். காவுக்குள்ளை போன் வேலை செய்யாது. அதாலை நாங்கள் ஸ்பானராலை பைப்பிலை தட்டித்தான் கதைக்கிறது. ஒரு தட்டு எண்டால் நிப்பாட்டு. ரண்டு எண்டால் திற. மூண்டு எண்டால் முடிஞ்சுது, மேலை வா. இதிலை முக்கியம் என்னெண்டால், கேட்ட ஆள் அதே தட்டைத் திருப்பித் தட்டவேணும். திருப்பித் தட்டினால்தான் அவனுக்குக் கேட்டிருக்கு எண்டு அர்த்தம், மற்ற ஆளும் அதுவரைக்கும் காதைக் குடுத்துக்கொண்டு அப்பிடியே நிப்பான். அன்ரன் அண்ணை இதிலை சரியான கண்டிப்பு. அவரின்ரை தட்டை நான் நித்திரையிலையும் பிடிப்பன். எல்லாரும் தட்டிப்போட்டுக் கையை எடுப்பினம், அவர் எடுக்கமாட்டார். தட்டின பிறகு ஸ்பானரைப் பைப்பிலை கொஞ்சத் தூரம் இழுத்து விடுவார். டங் எண்டு ஒண்டு, பிறகு ஒரு சின்ன உரசல். ஏன் எண்டு கேட்டால் தனக்கே தெரியாது எண்டுவார்.

போன வருசம் செப்டெம்பரிலை ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கம் ஒரு அஞ்சு மாடிக் கட்டடம். அண்டைக்குக் காலமை எங்களுக்குள்ளை சின்னக் கொழுவல். வீட்டுக்காரனுக்கு முன்னாலை வைச்சு, "குணாவுக்கு எப்பவும் அவசரம், இந்தப் பைப் பொருத்தை நான் திருப்பிச் செய்யிறன்" எண்டு சொல்லிப்போட்டார். அவர் சொன்னது சரிதான், அதுதான் எனக்குக் கூடச் சுட்டது. அவர் அஞ்சாம் மாடிக்குப் போயிட்டார், நான் மூஞ்சையை நீட்டிக்கொண்டு கீழை இருந்தன். பதினொரு மணி இருக்கும், மேலையிருந்து ஒரு தட்டு வந்துது. நிப்பாட்டு. நான் வால்வைப் பூட்டினன், ஆனால் திருப்பித் தட்டேல்லை. ஸ்பானர் என்ரை மடியிலைதான் கிடந்தது. வேணுமெண்டால் அஞ்சு மாடியும் இறங்கி வந்து கேக்கட்டும் எண்டு ஒரு எரிச்சல். பிளாஸ்கிலை இருந்த தேத்தண்ணியை ஊத்திக் குடிச்சுக்கொண்டு இருந்தன்.

நாப்பது நிமிசம் கழிச்சு மேலை ஏறிப் போனால், மனுசன் றேடியேற்றருக்குப் பக்கத்திலை விழுந்து கிடக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணி, ஸ்பானர் இடது கையிலை.

பாரிசவாதம். வலது பக்கம் முழுக்கப் போச்சுது, பேச்சும் போச்சுது. நேரத்தோடை கொண்டு வந்திருந்தால் நிலைமை வேறை எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னவை. அவரின்ரை மனுசி றீற்றா அக்கா, ஆஸ்பத்திரி வாசலிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, "குணா, அவர் உம்மைக் கூப்பிடேல்லையோ, பைப்பிலை தட்டேல்லையோ?" எண்டு கேட்டா. நான், "இல்லை அக்கா, எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" எண்டன். வாயிலை தானாய் வந்துது. இதை இண்டைக்குத்தான் முதல் முதல் ஒரு ஆளுக்குச் சொல்லுறன், அதுவும் ஏன் உங்களுக்குச் சொல்லுறன் எண்டு எனக்குத் தெரியேல்லை.

அதுக்குப் பிறகு அவையின்ரை வீட்டுப் பக்கம் நான் போகேல்லை. கூசேன்வில்லிலை இருக்கினம், கார் து நோர் ஸ்ரேசனிலை ரெயின் ஏறினால் அரை மணித்தியாலம்கூட இல்லை. வேலை கூட எண்டு சொன்னன், குளிர் எண்டு சொன்னன், நாலு மாதம் அப்பிடியே ஓடிப் போச்சுது.

இப்ப பொயிலர் கதைக்கு வாறன். மார்க்ஸ் டோர்மோயிலை, ஒரு முற்றத்துக்குப் பின்னாலை ஒளிச்சுக் கிடக்கிற மூண்டு மாடிப் பழைய வீடு. மதாம் றொசாலி எண்டு ஒரு பாண்டிச்சேரி மனுசி, எழுவது தாண்டியிட்டுது, தனிய இருக்கிறா. அந்த வீட்டிலை இருந்தது நீராவிப் பொயிலர். இப்ப பரிசிலை அது தேடிப் பிடிக்கவேணும். மற்ற வீடுகளிலை பைப், றேடியேற்றர் எல்லாத்துக்குள்ளையும் தண்ணி நிறைஞ்சு நிண்டு சுத்தும், குறைஞ்சால் வால்வைத் திறந்து நிரப்பிப்போட்டுப் போகலாம். நீராவிப் பொயிலர் அப்பிடி இல்லை. பொயிலரிலை அரைவாசிக்குத்தான் தண்ணி, அது கொதிச்சு ஆவி மேலை போய்ச் சூடு குடுத்திட்டுத் திரும்பித் தண்ணியாய் வரும். பக்கத்திலை ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், தண்ணி எவ்வளவு எண்டு பாக்க. தண்ணி குறைஞ்சால் நெருப்பைத் தானாய் நூக்கிறதுக்கு, அணைக்கிறதுக்கு, ஒரு மிதவையும் இருக்கும். அந்த வேலை தெரிஞ்சது அன்ரன் அண்ணைக்குத்தான். வருசா வருசம் குளிர் துவங்க முதல் தனியப் போய் அந்த மிதவையைக் கழட்டிச் சேறு எடுத்துத் துடைச்சுப்போட்டு வருவார். அந்த வருசம் ஒருத்தரும் போகேல்லை. அவர் படுக்கையிலை, எனக்கு அந்த நினைப்பே வரேல்லை.

ஜனவரியிலை மதாம் போன் எடுத்தா, பொயிலர் ஒழுகுது, ஊளையிடுது, இதை மாத்தித் தா எண்டு. எனக்கு நீராவி சரிவரத் தெரியாது எண்டு சொல்லியிருக்கவேணும். இருவது வருச அனுபவம், எப்பிடிச் சொல்லுறது? ஓம் எண்டன். குளிர் எண்டதாலை ஒரேயடியாய்க் கழட்டேலாது, வீட்டின்ரை கீழ்ப் பக்கத்துக்கு மட்டும் பழைய பொயிலரை ஓட விட்டிட்டு, ரண்டு நாளாய் மேல்மாடி பைப் எல்லாத்தையும் வெட்டி இறக்கினன். மேலை போற பெரிய பைப்பிலை மிஞ்சினது காவுக்குள்ளை நிண்ட ஒரு ஆள் உயரத் துண்டுதான். அதின்ரை கீழ் வால்வைப் பூட்டி, மேல் வாயைப் பழைய துணியாலை அடைச்சு விட்டன். அதுக்கு மேலை வேறை பைப்பே இல்லை. இதை மட்டும் ஞாபகத்திலை வைச்சிருங்கோ.

மூண்டாம் நாள் காலமை ஒம்பது மணிக்குப் போறன். மதாம் குசினியிலை தலையோடை சால்வையைப் போத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கிறா.

"என்னப்பா மிசியே குணா, காலைலேந்து ஷோஃபாழ் சுத்தமா இல்ல, சூடே வரல, வீடு ஐஸ் மாதிரி கெடக்கு" எண்டா.

"ரண்டு நிமிசம் மதாம்" எண்டு சொல்லிப்போட்டுக் காவுக்கு இறங்கினன். குசினிக்கு நேர கீழைதான் பொயிலர். பர்ணர் எரியுது, அந்த இரைச்சல் கேக்குது. கண்ணாடிக் குழாயைப் பாத்தன், வெறுமை. ஓ, தண்ணி இல்லை, அதுதான் ஆவி போகேல்லை எண்டு நினைச்சன். நெருப்பு எரியுது தண்ணி இல்லை எண்டால் என்ன அர்த்தம் எண்டு நினைக்கேல்லை பாருங்கோ. ஆயிரம் வீட்டிலை செய்த வேலை, தண்ணி குறைஞ்சால் திறந்து விடு. என்ரை மூளையைக் கேக்காமல் கை வால்வுக்குப் போயிட்டுது. வால்வைப் பிடிச்சாச்சு, திருப்பக் கையை இறுக்கினன்.

டங்.

ஒண்டே ஒண்டு. பிறகு அந்த உரசல், இரும்பிலை இரும்பு இழுபடுற சின்னச் சத்தம். எனக்கு இடது பக்கத்திலை, அந்த வெட்டி விட்ட பைப்பிலையிருந்து, அதின்ரை மேல் நுனிப் பக்கத்திலையிருந்து.

நம்பினால் நம்புங்கோ, எனக்குப் பயம் வரேல்லை. பதினாலு வருசப் பழக்கம், கை தானாய் நிண்டுது. ஒரு தட்டு எண்டால் நிப்பாட்டு, அவ்வளவுதான். நிண்ட பிறகுதான் மூக்கிலை மணம் ஏறினது, கருகின பெயின்ற் மணம். குனிஞ்சு பாத்தால் பொயிலரின்ரை அடிப்பக்கம் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாய் எழும்பி நிக்குது, கதவு இடுக்காலை பாத்தால் உள்ளை இரும்பு சிவந்து கிடக்கு. மிதவை சேத்துக்குள்ளை இறுகி, நெருப்பை நூக்காமல், எத்தினை மணித்தியாலமோ வெறும் சட்டி எரிஞ்சிருக்கு. அதுக்குள்ளை பச்சைத் தண்ணி விழுந்திருந்தால் ஒரு கணத்திலை முழுக்க ஆவியாய் வெடிச்சிருக்கும். நேர மேலை அந்த மனுசி பீன்ஸ் நறுக்கிக்கொண்டு இருக்குது.

காஸைப் பூட்டிப்போட்டு மேலை ஓடினன். "மதாம், உடனை வெளியிலை வாங்கோ" எண்டால், "இரு, மான்தோ போடணும், நைட்டியோட எப்படி வரது" எண்டு கோட் தேடுறா, பிறகு கைப்பை, பிறகு உதட்டுக்குச் சாயம். ஒரு மாதிரி இழுத்துக்கொண்டு போய் முன்னுக்கு இருந்த கஃபேயிலை இருத்தினன். அவ ஆறுதலாய்க் கோப்பி குடிக்கிறா. அந்தத் தட்டு ஆர் தட்டினது எண்ட கேள்வி எனக்கு அப்பத்தான் வந்துது.

வீட்டிலை வேறை ஒருத்தரும் இல்லை. பின்னேரம் இரும்பு ஆறின பிறகு திரும்பிப் போய்ப் பாத்தன். பைப்பின்ரை வாயிலை நான் அடைச்ச துணி அடைச்சபடி இருக்கு. அதுக்கு மேலை சீலிங்கிலை இருந்த ஓட்டையை முதல் நாளே பலகையாலை மூடி ஆணி அடிச்சனான், ஆணியும் அப்பிடியே. நீராவி பைப் தானாய்த் தட்டும், அது எனக்கும் தெரியும், ஆனால் அந்தத் துண்டுக்குள்ளை ஆவியும் இல்லை தண்ணியும் இல்லை. சூட்டிலை இரும்பு வெடுக்கெண்டு சத்தம் போடும் எண்டு நீங்கள் சொல்லப்போறியள். ஓம், நானும் அப்பிடித்தான் எனக்குச் சொன்னன். நச்சுக்காத்து மூளையிலை அடிச்சிருக்கும் எண்டுவியள், காத்துக் கெட்டால் கத்துற பெட்டி என்ரை இடுப்பிலை கிடந்தது, அது மூச்சு விடேல்லை. நீராவி வேலை தெரிஞ்ச ஒரு போர்த்துக்கீசக்காரனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினன். அவன் கையை உள்ளை விட்டுத் தடவிப்போட்டு, என்னை ஒருமாதிரிப் பாத்தான். "தண்ணியைத் திறக்காதை எண்டு உனக்கு ஆர் சொன்னது?" எண்டு கேட்டான். ஒருத்தரும் சொல்லேல்லை எண்டன்.

அண்டைக்கே பொழுதுபட வானை விட்டிட்டு ரெயின் எடுத்துக் கூசேன்வில்லுக்குப் போனன். ஏன் போறன் எண்டு எனக்கு விளங்கேல்லை, ஒருக்கால் அந்த முகத்தைப் பாக்கவேணும் போலை இருந்தது. கதவைத் திறந்த றீற்றா அக்கா, "வழி தெரிஞ்சுதோ?" எண்டா. நான் சப்பாத்தைக் கழட்டத் தெரியாமல் நிண்டன்.

ஹோலுக்குள்ளை ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருக்கு, பக்கத்துக்குக் கம்பி வைச்சது. அன்ரன் அண்ணை மெலிஞ்சு போனார். தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சுக்கொண்டு படுத்திருக்கிறார், நான் வந்ததுக்குத் திரும்பேல்லை.

"என்ன அக்கா, அண்ணைக்கு என்னிலை கோவமோ?" எண்டு கேட்டன்.

"இல்லை, இது இண்டைக்குக் காலமையிலையிருந்து. எனக்கு ஏர்போட்டிலை மத்தியான வேலை, அதுக்கு முதல் மருந்து குடுப்பம் எண்டு வாறன், இடது கையாலை கட்டில் கம்பியிலை ஓங்கி ஒண்டு தட்டினார். மோதிரம் பட்டு வீடே அதிர்ந்தது. தட்டிப்போட்டு அந்த மோதிரத்தைக் கம்பியிலை இழுக்கிறார். தண்ணியோ எண்டன், தலையாட்டேல்லை. விழுந்த நாள் துவக்கம் இண்டைவரை கையைத் தூக்காத மனுசன். பிறகு தலையை இப்பிடித் திருப்பினவர்தான், என்னத்தையோ கேக்கிறமாதிரிக் காதைக் குடுத்துக்கொண்டு கிடக்கிறார். சாப்பிடவும் இல்லை, நித்திரையும் இல்லை. ஏலாது எண்டு நானும் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை."

"எத்தினை மணிக்கு அக்கா?"

"மருந்து நேரம்தான், ஒம்பது, ஒம்பதே கால்."

அவ தேத்தண்ணி போடக் குசினிக்குப் போயிட்டா. நான் கட்டிலுக்குப் பக்கத்திலை நிண்டன். அந்தக் கிடை எனக்கு நல்லாய்த் தெரியும். அது திருப்பித் தட்டுறதுக்குக் காத்துக்கொண்டிருக்கிற ஆளின்ரை தலை. காலமைத் தட்டுக்கு மட்டுமோ, இல்லாட்டி செப்டெம்பரிலையிருந்தோ, ஆருக்குத் தெரியும். அழுதன், ஓம், வெக்கமில்லாமல் சொல்லுறன், சத்தம் வராமல் அழுதன். பிறகு பொக்கற்றுக்குள்ளை இருந்த சின்ன ஸ்பானரை எடுத்துக் கம்பியிலை ஒண்டு தட்டினன்.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பாத்தார். கனநேரம் பாத்தார். பிறகு கண்ணை மூடினார். அக்கா தேத்தண்ணியோடை வரேக்குள்ளை மனுசன் குறட்டை விட்டு நித்திரை.

காவிலை நடந்ததை அக்காவுக்குச் சொன்னன், அவ சிலுவை போட்டா. செப்டெம்பர் கதையை மட்டும் சொல்லேல்லை. மதாமுக்குப் புதுப் பொயிலர் பூட்டியாச்சு, இப்ப வீடு சூடு கூட எண்டு முறைப்பாடு. நான் ஒவ்வொரு ஞாயிறும் கூசேன்வில்லுக்குப் போறன். வேலையிலை றேடியோ போடுறதை விட்டிட்டன். எந்த வால்விலையும் கையை வைச்சிட்டு ஒரு கொஞ்ச நேரம் காதைக் குடுத்துக்கொண்டு நிப்பன், ஆக்கள் என்னை விசரன் எண்டு நினைப்பினம், நினைக்கட்டும்.

இதோடை முடிஞ்சிருந்தால் நானே ஒருநாள், எல்லாம் தற்செயல் எண்டு சொல்லிப்போட்டு வடையை எடுத்துக்கொண்டு எழும்பியிருப்பன்.

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் அக்கா போன் எடுத்தா. "குணா, இவர் இண்டைக்கும் தட்டினவர். நாலே கால் இருக்கும். ஒருக்கால்தான். உமக்குக் கேட்டதோ?"

எனக்குக் கேக்கேல்லை. அந்த நேரம் நான் பெரிஃபெரிக் றோட்டிலை, கண்ணாடியை ஏத்திவிட்டு, நெரிசலுக்குள்ளை வானிலை இருந்தனான். பக்கத்திலை பைப்பும் இல்லை, கம்பியும் இல்லை. ஒண்டு எண்டால் நிப்பாட்டு. என்னத்தை நிப்பாட்டுறது? அண்டைக்கு என்னென்ன செய்தனான் எண்டு யோசிச்சு யோசிச்சுப் பாத்தன். லியோனிலை படிக்கிற மகள் மோட்டச்சைக்கிள் வாங்கட்டோ எண்டு கேட்டவள், சரி வாங்கு எண்டு சொன்னனான். நெஞ்சுக்குள்ளை ஒரு இறுக்கம் இருக்கெண்டு டொக்டரைப் பாக்க நாள் குறிச்சு எடுத்து வைச்ச றொந்தேவை, வேலை கூட எண்டு தள்ளிப்போட்டனான். காலமை ஒரு வீட்டிலை புதுப் பொயிலரைப் பத்த வைச்சுப்போட்டு வந்தனான். எல்லாத்தையும் திருப்பிப் பாத்திட்டன். மகளுக்கு வேண்டாம் எண்டு சொல்லி அவள் பிரெஞ்சிலை நல்லாய் ஏச்சுத் தந்தாள். டொக்டரிட்டைப் போனன், ஒண்டுமில்லை எண்டவர். அந்தப் பொயிலர் ஒரு குறையுமில்லாமல் எரியுது. இதிலை எதையோ நிப்பாட்டியிட்டனோ, இல்லாட்டி இன்னும் என்ரை கண்ணிலை படாமல் ஒண்டு ஓடிக்கொண்டிருக்குதோ, தெரியேல்லை.

செவ்வாயிலையிருந்து மனுசன் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பி வைச்சபடியாம். இண்டைக்கு ஞாயிறு, இந்தத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு நான் போகவேணும். அவர் காத்துக்கொண்டிருப்பார். நான் திருப்பித் தட்டினால் எனக்குக் கேட்டது எண்டு அர்த்தம். அண்டைக்கு ஸ்டாலின்கிராட்டிலை கேட்டதைக் கேக்கேல்லை எண்டு சொன்னனான், இண்டைக்குக் கேக்காததைக் கேட்டது எண்டு சொல்லப்போறன். தட்டாமல் விட்டால் அந்த மனுசன் நித்திரை கொள்ளமாட்டார். தட்டினால் நிம்மதியாய்க் கண்ணை மூடியிடுவார், குணாவுக்குக் கேட்டுப்போட்டுது, அவன் நிப்பாட்டியிட்டான் எண்டு நினைச்சு. பிறகு, அது இன்னும் நிக்காமல் ஓடிக்கொண்டிருந்தாலும், இன்னொருக்கால் தட்டமாட்டார்.